ப்ளூ அண்ட் லோன்சமா, ஹாங்கின் ஆன் போபோவா?

ராக் கேட்டுப் பழகிய காதுக்கு ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பழக வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்கள் கடைசியில் ராக் குழுக்களின் இந்த இரண்டு ஆல்பங்களில்தான் வந்து நிற்கிறார்கள்: ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ப்ளூ அண்ட் லோன்சம்’, ஏரோஸ்மித்தின் ‘ஹாங்கின் ஆன் போபோ’.

பாடல்கள்
ரோலிங் ஸ்டோன்ஸ் (2016): 12, எல்லாமே பழைய ப்ளூஸ்.
ஏரோஸ்மித் (2004): இதுவும் 12, அதில் ஒன்று சொந்தப் பாட்டு.

பதிவு
ஸ்டோன்ஸ்: லண்டனில் மூன்றே நாளில் முடித்தது. பக்கத்தில் வேறு வேலையாக இருந்த எரிக் கிளாப்டனும் இரண்டு பாட்டுக்கு கிடார் வாசித்தார்.
ஏரோஸ்மித்: எழுபதுகளில் தங்களோடு இருந்த தயாரிப்பாளர் ஜாக் டக்ளஸ் திரும்பி வந்தார்.

ஒலி
ஸ்டோன்ஸ்: பாடகர் மிக் ஜாகரின் மவுத் ஆர்கன்தான் உயிர். முதல் பாட்டிலேயே அது முன்னால் வந்து நிற்கும். ஹெட்போனில் கேளுங்கள், ஊதும் மூச்சுகூடப் பிடிபடும். எழுபதைத் தாண்டியவரிடம் இந்த வேகமா என்று இன்றும் வியக்கிறேன்.
ஏரோஸ்மித்: கிடார் சத்தம் தூக்கல். ப்ளூஸைவிட ராக்தான் அதிகம்.

சிகாகோ ப்ளூஸின் வாசனை வேண்டுமென்றால் ஸ்டோன்ஸ். அந்த ப்ளூஸின் மவுத் ஆர்கன் மேதை லிட்டில் வால்டரைத் தேடிக் கேட்க வைத்துவிடும். நீண்ட கார் பயணம், சத்தமாக ஏதாவது ஓட வேண்டும் என்றால், சரி, ஏரோஸ்மித். நான் திரும்பத் திரும்பப் போடுவது ஸ்டோன்ஸைத்தான்.