சொட்டா, கோடா, லைட்டா, காதா: பழைய பென்ஸ் டீசலில் பம்ப் டைமிங்

டீசல் பம்பைக் கழற்றி மாட்டினாலும் சரி, செயின் மாற்றினாலும் சரி, பழைய டீசல் எஞ்சினில் கடைசியாக வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: டைமிங்கை, அதாவது பம்ப் எந்தக் கணத்தில் டீசலை அழுத்தத் தொடங்குகிறது என்பதை, எதை வைத்துப் பார்ப்பது? இங்கே எடுத்துக்கொள்வது மெர்சிடிஸ் 240டி, 300டி கார்களில் வந்த ஓஎம்616, ஓஎம்617 எஞ்சின்கள். முன்னது நான்கு சிலிண்டர், பின்னது ஐந்து. இரண்டிலும் பாஷ் இன்லைன் பம்ப், செயினில் ஓடுவது. 616-ஐ நம் ஊரில் பென்ஸ் காரைவிட வேனில் பார்த்தவர்கள்தான் அதிகம். பஜாஜ் டெம்போ அதை உரிமம் வாங்கித் தயாரித்தது. ஆனால் கீழே வரும் எண்கள் காருக்கானவை. வேன் எஞ்சினுக்கு அதன் கையேட்டில் உள்ள எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

வழிகள் நான்கு. பம்ப் ஃபிளாஞ்சிலும் பிளாக்கிலும் கோடு கிழித்து அதே இடத்தில் மாட்டுவது. பம்பின் முதல் பிளஞ்சரிலிருந்து (டீசலை அழுத்தும் சிறு தண்டு) டீசல் சொட்டுவதைப் பார்த்து வைப்பது. பின்னாளில் வந்த பம்புகளுக்கான ஏ-பி லைட் கருவி. டீசல் பைப்பில் கவ்வும் ஸ்ட்ரோப் லைட். ஐந்தாவதாக, எஞ்சினை ஓடவிட்டுப் பம்பை அசைத்துக் காதால் வைப்பது. அதை ஒரு வழி என்று எண்ணவில்லை. ஏன் என்று பிறகு.

என் சாய்வு சொட்டுப் பக்கம்தான். மறைக்க ஒன்றுமில்லை.

கோட்டு முறையில் தவறு கிடையாது. பம்பை மட்டும் இறக்கி அதே பம்பை அதே நாளில் ஏற்றினால் கோடு போதும், ஐந்து நிமிட வேலை. கழற்றும் முன் கூர்மையான உளியால் மெல்லிய கோடு கிழித்தால் சரி. மார்க்கர் பேனா டீசல் பட்டதும் அழிந்துவிடும். ஏற்றும்போது எஞ்சினை முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு (டாப்) வர 24 டிகிரி முன்னால் நிறுத்தி, பம்ப் ஷாஃப்டில் பல் இல்லாத இடத்தைப் பம்ப் உடலில் உள்ள வெட்டுக்கு நேராக வைத்து உள்ளே தள்ள வேண்டும். ஒரு பல் மாறினால் பம்பைத் திருப்பி ஈடுகட்ட முடியாது, ஃபிளாஞ்ச் துளையின் நீளம் அவ்வளவு வராது.

கோடு சொல்வது இரும்பு எங்கே நின்றது என்பதை மட்டும். எண்ணெய் எப்போது கிளம்புகிறது என்று அதற்குத் தெரியாது. நடுவே இருக்கும் செயின்தான் பிரச்சினை. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்கிலிருந்து வால்வுகளைத் திறக்கும் கேமுக்குப் போகும் செயினின் இறுக்கமான பக்கத்தில்தான் பம்ப் ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருக்கிறது. செயின் நீளும்போது கேம் தாமதமாகும், பம்பும் தாமதமாகும். கிராங்குக்கும் பம்புக்கும் இடையே செயின் குறைவு என்பதால் பம்புக்கு வரும் தாமதம் கேமுக்கு வருவதைவிடக் கொஞ்சம் குறைவு.

இப்போது ஒரு கணக்கு. லட்சக்கணக்கில் ஓடிய எஞ்சின். செயின் நீண்டு பம்ப் 3 டிகிரி பின்தங்கியது. யாரோ பொறுப்பாக 24-க்குத் திருப்பி வைத்தார்கள். சில வருடம் கழித்துப் புதுச் செயின் ஏறுகிறது. பழைய கோட்டுக்குக் கோடு வைத்து மாட்டினால் பம்ப் 27-இல் நிற்கும். எஞ்சின் காலையில் டக்கென்று ஸ்டார்ட் ஆகும், பிக்கப்பும் நன்றாகத் தெரியும். சத்தம் மட்டும் கல்லை டப்பாவில் போட்டு ஆட்டியது போல் இருக்கும். டீசல் என்றால் சத்தம்தானே என்று ஓட்டினால், சுமை ஏற்றும்போதெல்லாம் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் அடி வாங்கிக்கொண்டிருக்கும். கோடு துல்லியமாகத்தான் சேர்ந்திருந்தது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. செயின் நீட்சிக்குக் கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஆஃப்செட் சாவி (கேமைச் சற்றுத் திருப்பி உட்காரவைக்கும் சாவித்துண்டு) போடுவார்கள். கேம் சரியாகும். பம்புக்கு அந்தச் சாவியால் ஒரு டிகிரிகூட மாறாது, அதைத் தனியாக வைத்தாக வேண்டும். சாவி போட்டாச்சு, டைமிங் முடிந்தது என்று வண்டியை வெளியே விட்டால் காலையில் வெள்ளைப் புகையும், மேட்டில் மூச்சு வாங்கலும் அப்படியே இருக்கும். பழி டீசல் தெளிக்கும் நாசிலின் மேல் போகும்.

ஆகவே முதலில் செயினை அளந்துவிடுவது நல்லது. வால்வ் கவரைத் திறந்து, கேம் வாஷரின் வெட்டையும் கேமைத் தாங்கும் முதல் டவரின் கோட்டையும் நேராக்கி, கீழே டாம்பரில் (கிராங்கின் முன்னால் டிகிரி குறித்த சக்கரம்) என்ன எண் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பூஜ்யத்தைத் தாண்டி நிற்கும் டிகிரிதான் நீட்சி. 10 டிகிரிக்கு மேல் போனால் சாவி தேட வேண்டாம், செயினே மாற்ற வேண்டியதுதான்.

சொட்டு முறை இதையெல்லாம் கேட்பதில்லை. பம்புக்குள் பிளஞ்சர் மேலே ஏறும்போது, டீசல் வரும் துவாரத்தை அதன் மேல்விளிம்பு மூடுகிறது. மூடிய அந்தக் கணத்திலிருந்துதான் டீசல் அழுத்தப்படுகிறது. டெலிவரி தொடக்கம் என்பது அதுதான். பிளஞ்சருக்கு மேலே இருக்கும் டெலிவரி வால்வை எடுத்துவிட்டால் துவாரம் திறந்திருக்கும் வரை டீசல் தாராளமாக மேலே வழியும். மூட மூட மெலியும். கிராங்கிலிருந்து செயின், டைமர் (வேகத்துக்கேற்பப் பம்பை முன்னேற்றும் அமைப்பு), பம்ப் கேம் வரை எங்கே தேய்ந்திருந்தாலும், எல்லாம் கூடிக் கழிந்த விடைதான் அந்தச் சொட்டில் வருகிறது.

செய்முறை. எல்லா டீசல் பைப் நட்டுகளையும் 17 ஸ்பானரால் தளர்த்தி, முதல் பைப்பை முழுதாக எடுக்கவும். பைப் உட்கார்ந்திருந்த ஹோல்டர் பக்கத்தைப் பிரஷ்ஷும் டீசலும் வைத்துக் கழுவித் துடைக்கவும். இங்கே ஒரு மணல் துகள் உள்ளே போனால் வேலை பம்ப் கடைக்குப் போய்விடும். பூட்டுத் தகட்டைக் கழற்றி, டெலிவரி வால்வ் ஹோல்டரை அதற்கென்ற பல் வெட்டிய சாக்கெட்டால் திறக்க வேண்டும். பைப் ரிஞ்ச் போட்டால் பல் நசுங்கும், அடுத்த முறை எந்த சாக்கெட்டும் பிடிக்காது. ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்துச் சுத்தமான டீசலில் போட்டுவைக்கவும். வால்வ் உட்காரும் சீட் உள்ளேயே இருக்கட்டும். ஹோல்டரைத் திரும்பப் பூட்டி, அதன் மேல் வளைந்த சொட்டுக் குழாயை மாட்டவும். பழைய டீசல் பைப்பை வெட்டி, வாய் கீழே பார்க்குமாறு வளைத்தாலே குழாய் ரெடி. நுனியை அரம் போட்டுப் பிசிறில்லாமல் ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் சொட்டு நுனியில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.

ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கம்பியால் இழுத்து முழு ஓட்டத்தில் கட்டவும். எஞ்சினை நிறுத்தும் வாக்குவம் குழாயைப் பிடுங்கி விடவும். ஸ்டாப் நிலையில் இருக்கும் பம்பை வைத்து எதையும் அளக்க முடியாது. குளோ பிளக்குகளைக் கழற்றினால் எஞ்சின் கையில் லேசாகச் சுற்றும்.

கிராங்க் போல்டில் 27 சாக்கெட், நீளக் கம்பி. எப்போதும் கடிகாரம் சுற்றும் பக்கம் மட்டும். ஆயில் ஊற்றும் வாய் வழியே பார்த்து, முதல் சிலிண்டரின் இரண்டு கேம் முனைகளும் மேல் நோக்கி இருந்தால் கம்ப்ரஷன். இப்போது ஒருவர் கைப் பம்பை அடிக்க, குழாயிலிருந்து டீசல் கயிறு போல் விழும். இன்னொருவர் கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். கயிறு நூலாகும், நூல் அறுந்து சொட்டாகும். விநாடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கு வந்ததும் நிறுத்தி டாம்பரைப் படிக்கவும். கைப் பம்ப் அடிக்கும் வேகம் மாறினால் சொட்டின் கணக்கும் ஆடும். ஆள் இல்லாவிட்டால் ஒரு மீட்டர் உயரத்தில் டீசல் டப்பாவைக் கட்டி அதிலிருந்து விடலாம், ஓட்டம் சீராக இருக்கும்.

வர வேண்டியது டாப்புக்கு 24 டிகிரி முன். ஒரு டிகிரி இங்கும் அங்கும் பரவாயில்லை. சொட்டைத் தாண்டிவிட்டால் பின்னால் சுற்றாதீர்கள். செயினின் தளர்வு தப்பான பக்கம் போய்விடும், வரும் எண் பொய். இன்னும் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி அணுக வேண்டும். மூன்று முறை எடுத்து மூன்றும் அரை டிகிரிக்குள் வந்தால்தான் நம்பலாம்.

எண் மாறியிருந்தால் முன் ஃபிளாஞ்சின் மூன்று 13 நட்டுகளையும் பின் தாங்கியின் போல்டையும் தளர்த்தி, பம்பின் தலையை எஞ்சின் பக்கம் சாய்த்தால் முன்னேறும், வெளியே இழுத்தால் பின்வாங்கும். பம்ப் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பம்பில் ஒரு டிகிரி என்பது டாம்பரில் இரண்டு. கண்ணுக்கே தெரியாத அசைவு போதும். பிளாக்கை ஒட்டியிருக்கும் உள்பக்க நட்டுதான் பொறுமையைச் சோதிக்கும். நீள எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயிண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள். நட்டை இறுக்கும்போது பம்ப் சற்று நகரும், ஆகவே இறுக்கிய பிறகும் ஒருமுறை சொட்டைப் பார்க்க வேண்டும்.

மூடும்போது புது செம்பு வாஷர், புது ஓ-ரிங். ஹோல்டரை 30 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, தளர்த்தி, மறுபடி 30, பிறகு 35. ஒரே இழுப்பில் முறுக்கினால் வாஷர் சீராக உட்காராமல் கழுத்தில் டீசல் கசியும். கசிவு வந்தது என்று மேலும் முறுக்கினால் பம்பின் உள்ளுடல் நசுங்கி டீசல் அளவை மாற்றும் ராக் இறுகும். கடைசியில் நாசில் பக்கத்து நட்டுகளைத் தளர்த்தி ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்யலாம்.

இந்த முறையின் குறைகளையும் சொல்லிவிடலாம். பிளஞ்சர் தேய்ந்த பம்பில் துவாரம் மூடிய பிறகும் கசிந்து சொட்டிக்கொண்டே இருக்கும். எங்கே நிறுத்துவது என்று குழப்பம் வரும். ஒருவகையில் அதுவும் நல்ல செய்திதான், பம்புக்கு வயதாகிவிட்டது என்று செலவில்லாமல் தெரிகிறது. பெரிய குறை வேறு: நின்ற எஞ்சினில் அளப்பதால், வேகம் கூடும்போது டைமர் பம்பை முன்னேற்றுகிறதா என்பது தெரியவே தெரியாது. டைமர் சிக்கி நகராமல் இருந்தால் 24 அழகாக வரும், வண்டி மட்டும் நெடுஞ்சாலையில் இழுக்காது.

அங்கேதான் ஸ்ட்ரோப் லைட்டுக்கு வேலை. முதல் பைப்பில் பெயிண்ட் சுரண்டி நேரான இடத்தில் கிளாம்பை மாட்டி, ஐடிலில் ஒரு எண், வேகம் கூட்டி ஒரு எண் பார்த்தால் முன்னேற்றம் வருகிறதா என்று தெரியும். அந்த எண்ணை 24-உடன் ஒப்பிட வேண்டாம். பைப் விரிவதை உணர்ந்துதான் லைட் மின்னுகிறது, அழுத்தம் அங்கே வந்துசேர நேரம் பிடிக்கும், டைமரும் கலந்திருக்கும். வித்தியாசத்தைப் பார்க்க நல்ல கருவி, வைப்பதற்கு அல்ல.

ஏ-பி லைட் தொழிற்சாலைக்காரர்களின் வழி. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் பக்கத் திருகைக் கழற்றி, சிந்தும் ஆயிலுக்கு அடியில் ஒரு டப்பா வைத்து, சென்சரைச் செருகி, இரண்டு விளக்கும் சேர்ந்து எரியும் இடத்தில் டாம்பரைப் படிப்பது. 617 டர்போவில் அது டாப்புக்கு 15 டிகிரி பின்னால் வர வேண்டும். பம்பைத் திறக்க வேண்டாம், அழுக்குப் போகும் பயம் இல்லை, ஒரே ஆள் போதும். ஆனால் அந்தத் துளையும் உள்ளே அதற்கான முளையும் உள்ள பம்பாக இருக்க வேண்டும். அந்த முளையும் பிளஞ்சரும் சேரும் கோணம் பம்ப் கடையின் பெஞ்சில் வைக்கப்பட்டது. ரிப்பேராகி வந்த பம்பில் அது சரியாக வைக்கப்பட்டதா என்று விளக்கு சொல்லாது. பூட்டுப் பிரிக்காத பம்ப் என்றால் இதை நம்பலாம். தினமும் இதே கார்களைப் பார்க்கும் பட்டறைகள் இதைத்தான் முதலில் எடுப்பார்கள், நேரம் மிச்சமாகும் அவர்களுக்கு அது நியாயம். ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கருவியின் விலை கட்டுப்படியாகாது.

காது: ஐடிலில் ஒரு மோசமான நாசில் அடிக்கும் சத்தமும் டைமிங் முந்திய சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் கேட்கும். காதால் வைப்பவர் நாசிலை அடக்கப் பம்பைப் பின்னால் இழுத்துவிடுவார். சத்தம் குறையும், மைலேஜும் சேர்ந்து குறையும். ஒவ்வொரு நாசில் நட்டையும் தளர்த்திப் பார்த்து எதில் சத்தம் விழுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் டைமிங்கைச் சந்தேகிக்கலாம்.

எந்த முறைக்கும் முன்னால் டாம்பருக்கு எதிரே நிற்கும் முள்ளை ஒருமுறை பாருங்கள். ரேடியேட்டர் கழற்றும்போது இடித்து வளைந்த முள் எத்தனையோ எஞ்சினில் இருக்கிறது. அது இரண்டு டிகிரி வளைந்திருந்தால் சொட்டும் இரண்டு டிகிரி பொய்தான் சொல்லும்.