48,000 படங்களும் பதினொரு புள்ளிகளும்: எங்கே வைப்பது, எப்படிப் பகிர்வது?

காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் வளவு வீட்டுக்கு (பங்காளிகளுக்குப் பொதுவான முற்றத்து வீடு) இன்றைய கணக்கில் பதினொரு புள்ளிகள், அதாவது மணமாகித் தனிக் கணக்கு வைத்திருக்கும் பதினொரு குடும்பங்கள். நான்கு புள்ளிகள் சென்னையிலும், மூன்று காரைக்குடியிலும் கோவையிலும், மற்றவை சிங்கப்பூர், கோலாலம்பூர், அமெரிக்கா என்றும் பிரிந்து கிடக்க, வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டியே இருக்கிறது. முகப்பிலும் பட்டாலை என்ற கூடத்திலும் சட்டமிட்டுச் சாய்வாகத் தொங்கிய படங்களையும், இரண்டாங்கட்டு (வீட்டின் இரண்டாம் பகுதி) அறையில் தகரப் பெட்டிகளுக்குள் இருந்த ஆல்பங்களையும் மூன்று கோடை விடுமுறைகளில் ஸ்கேன் செய்து முடித்தோம். அச்சுப் படங்கள் மட்டும் 3,400. அவற்றோடு கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோர் வழிபாடு) ஆகியவற்றில் எடுத்த டிஜிட்டல் படங்களையும் கைப்பேசிப் படங்களையும் சேர்த்தால் 48,000 ஆகிறது. வீடியோக்களையும் கூட்டினால் 640 ஜிபி. இவ்வளவையும் எங்கே வைப்பது, எல்லாப் பங்காளிகளுக்கும் எப்படிக் காட்டுவது என்று ஓராண்டாக வெவ்வேறு வழிகளைப் பயன்படுத்திப் பார்த்ததன் அலசல் இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காப்பதும் காட்டுவதும் இரண்டு வேலைகள். இரண்டையும் ஒரே பொருள் செய்யும் என்று நம்பித்தான் பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுகின்றன. எத்தனை ஜிபி, என்ன விலை என்பவற்றை யாரும் எளிதில் விசாரித்துவிடலாம். நான் ஒவ்வொரு வழியிடமும் கேட்ட கேள்வி வேறு: இன்னும் இருபது ஆண்டு கழித்து இதன் சாவி யார் கையில் இருக்கும்?

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. எண்பது வயது ஆச்சிகளும் பார்க்கும் ஒரே இடம் அதுதான் என்பதால் காட்டுவதற்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. காப்பதற்கு அது உதவவே உதவாது. சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கத்தை அது ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்குகிறது. படத்துக்குள் பொதிந்திருக்கும் தேதி முதலிய விவரங்களையும் நீக்கிவிடுகிறது. எங்கள் பாட்டையா கணக்குப் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. மூலக் கோப்பில் பேரேட்டின் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கலாம். குழுவில் சுற்றி வந்த நகலில் அது வெறும் சாம்பல் கோடுகளாகிவிட்டது. ஆவணம் என்ற வகையில் அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும் என்பது உண்மைதான், ஆனால் குழுவில் உள்ள நாற்பது பேரில் அப்படி அனுப்பத் தெரிந்தவர் மூன்று பேர்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது, இணையம் வேண்டாம், படங்கள் நம் கையிலேயே இருக்கும். செட்டிநாட்டு மனத்துக்கு இது இயல்பாகவே பிடித்துப்போகும். பெட்டகத்தில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது நமக்குப் பழகிய வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். 2016 இல் ஒரு டெராபைட் வட்டில் எல்லாவற்றையும் ஏற்றி, மஞ்சள் துணியில் சுற்றி, ஊர் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்தேன். 2022 இல் எடுத்துச் செருகியபோது பல்லி கத்துவதுபோல் டிக் டிக் என்று ஓசை வந்ததே தவிரப் படம் எதுவும் வரவில்லை. சென்னையில் ஒரு கடையில் கொடுத்து, வட்டின் விலையைப்போல் பல மடங்கு செலவழித்து மீட்டதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆனால் கோப்புகளின் பெயர்களும் அடுக்கு வரிசையும் போய்விட்டன. யார் கல்யாணம், எந்த ஆண்டு என்பதை முகம் பார்த்துத்தான் மீண்டும் பிரிக்க வேண்டியிருந்தது.

இதனால் ஹார்ட் டிஸ்க் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே பிரதியை வைத்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் திறந்து பார்க்காமல் இருந்தது என் பிழை. சுழலும் தட்டு உள்ள வட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரைதான் உறுதியாக நம்பக்கூடிய ஆயுள் என்று வைத்துக்கொண்டு, அதற்குள் புது வட்டுக்கு மாற்றிவிட வேண்டும். வேகமானது என்பதற்காகச் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வாங்கிப் பெட்டிக்குள் வைப்பது இன்னும் ஆபத்து. மின்சாரமே படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் பதிந்த மின்னேற்றம் மெல்லக் கசிந்துபோகக்கூடும். அன்றாடப் பயன்பாட்டுக்கு எஸ்எஸ்டியும் அலமாரியில் வைப்பதற்குப் பழைய வகை வட்டும் ஏற்றவை. மற்றொரு சிறு விஷயம்: வட்டை விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸுக்குரிய என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால், சிங்கப்பூரிலிருந்து மேக் கணினியோடு வரும் தம்பி மகன் படங்களைப் பார்க்கலாம், தன் படங்களை அதில் ஏற்ற முடியாது.

கிளவுட் சேமிப்பில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது: ஊரிலும் சென்னையிலும் கூகுள் போட்டோஸ், வெளிநாட்டில் ஐகிளவுட். பகிர்வதற்கும் தேடுவதற்கும் கூகுள் போட்டோஸுக்கு இணையாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. ஒரு பகிர்வு ஆல்பத்தில் 20,000 படங்கள் வரை வைக்கலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் என்ற பேதமில்லை. கைக்குழந்தையாக இருந்த முகத்தைக் கல்லூரிப் படத்தில் அடையாளம் கண்டு ஒன்றாகச் சேர்க்கும் திறமை பல சமயம் வியக்க வைக்கிறது. ஐகிளவுட்டின் பகிர்வு ஆல்பம் 5,000 படங்களோடு நின்றுவிடுவதோடு, ஒவ்வொரு படத்தின் நீளப் பக்கத்தையும் 2048 பிக்சலுக்குச் சுருக்கித்தான் மற்றவர்களுக்குக் காட்டுகிறது. 2022 இல் வந்த பகிர்வு நூலக வசதியில் முழு அளவு கிடைக்கும், ஆனால் அதில் ஆறு பேருக்கு மேல் சேர முடியாது. ஆறு பேர் என்பது எங்கள் வீட்டில் ஒரு கட்டுக்குக்கூடக் காணாது.

ஆனால் கூகுளிடம் என் கேள்வியைக் கேட்டால் விடை அவ்வளவு தெம்பாக இல்லை. 2015 இல் தொடங்கியபோது சற்றே சுருக்கிய படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்றிருந்தது. 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்காயின. ஃபிளிக்கரிலும் இதே கதைதான்: 2013 இல் எல்லோருக்கும் ஒரு டெராபைட் இலவசம் என்றார்கள், நிறுவனம் கைமாறிய பிறகு 2019 இல் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் மட்டுமே என்று குறைத்தார்கள். இதில் குறை சொல்ல ஏதுமில்லை, வியாபாரம் அப்படித்தான். கொண்டுவிற்ற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதும் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை. பகிர்வு ஆல்பத்தில் பதினொரு புள்ளிகளும் பார்த்தாலும், படம் ஏற்றியவரின் கணக்கில்தான் அது வாழ்கிறது. அவர் நீக்கினால் மற்றவர்கள் தனியாகச் சேமித்து வைத்திராத வரை எல்லோருக்கும் போய்விடும். சந்தா கட்டுவது நின்று, அனுமதித்த அளவுக்கு மேல் இரண்டு ஆண்டு நீடித்தால் படங்களை நீக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. இரண்டு ஆண்டு யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கையே அழிக்கலாம் என்ற விதியும் 2023 முதல் இருக்கிறது. கணக்கு செயலற்றுப்போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏற்பாடு கூகுளிலேயே உள்ளது. பத்து பேர் வரை சேர்க்கலாம். உயில் எழுதி வைத்திருக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டால், எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

ஏற்றும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்று வேகம் கிடைத்தால் 640 ஜிபி போய்ச் சேர மூன்று நாள் ஆகும்; 5 மெகாபிட்தான் என்றால் பன்னிரண்டு நாள். இந்த வேலையை ஊரில் உட்கார்ந்து தொடங்காதீர்கள்.

நாஸ் எனப்படும் வீட்டுச் சேமிப்புப் பெட்டியை அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் மிகவும் வற்புறுத்தினார். இரண்டு வட்டுகள் உள்ள சிறு பெட்டி; ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்; இம்மிச் என்ற இலவச மென்பொருளை நிறுவிவிட்டால் கூகுள் போட்டோஸைப் போலவே முகம் பிரித்துக் காட்டும், சந்தா கிடையாது, படங்கள் வீட்டை விட்டு வெளியே போவதும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீடுகளைப் பூட்டும்போது முதலில் செய்வது மெயின் சுவிட்சை அணைப்பது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் அதை அணைக்காமல் போனவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஆகையால் பெட்டி ஊரில் இருக்க முடியாது, சென்னையில் ஒருவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். அங்கும் பல இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் வெளியிலிருந்து நேரே எட்ட முடியாது. வீட்டுப் பெட்டியோடு தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு செயலியை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நிறுவ வேண்டும். தவிர, இரட்டை வட்டு என்பது ஒரு வட்டு பழுதானால் மட்டுமே கைகொடுக்கும். ஒருவர் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒருசேர அழியும். மருமகன் இருக்கும் வரை இது ஓடும். அவருக்கு வேலைப்பளு கூடிவிட்டால் பிறகு யார்?

இத்தனை வழிகளையும் ஒப்பிடும்போது எனக்குப் புலப்பட்ட பெரிய வேறுபாடு, படத்தைப் பற்றிய விவரம் படத்தோடு சேர்ந்து பயணிக்கிறதா என்பதில் இருந்தது. எங்களிடம் ரங்கூன் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த படம் இருக்கிறது. பின்பக்கத்தில் மங்கிய மையில் 'பிரமாதி வருஷம் ஆவணி மாதம், மொகல் தெரு' என்று எழுதியிருக்கிறது. பிரமாதி ஆவணி என்றால் 1939 ஆகஸ்ட், செப்டம்பர். கூகுள் போட்டோஸில் ஏற்றியபோது ஸ்கேன் செய்த நாளே படமெடுத்த நாளாகப் பதிவாகி, மாம்பழக் கூடைக்கும் யாரோ வாங்கிய புதுக் காருக்கும் நடுவே படத்தில் இருக்கும் பெரியவர் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார். அங்கேயே தேதியைத் திருத்தலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாகத் திரும்ப இறக்கும்போது திருத்திய தேதி படக் கோப்புக்குள் வராமல், அதன் பக்கத்தில் தனியாக ஒரு சிறு கோப்பாக வந்து நிற்கிறது. படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்பவருக்கு அவர் மறுபடியும் மாம்பழத்தின் பக்கத்தில்தான் நிற்பார். ஆகவே நாங்கள் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் தேதி, ஊர், பெயர், உறவு ஆகியவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிட்டு, அதன் பிறகே எங்கும் ஏற்றினோம். அச்சுப் படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்தோம். இதில் சோம்பல் படாதீர்கள். பல படங்களில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் பேசுகிறது.

முகம் பிரிக்கும் திறமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 1940களின் படங்களில் இரண்டு சகோதரிகளை அது ஒருவராகவே சேர்த்து வைத்திருந்தது. அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோய், "இது எங்க ஆத்தா இல்லப்பா, சின்னாத்தா. மூக்குத்தியப் பாரு, ஒத்தக்கல்லு. ஆத்தாளுக்கு ரெண்டு பக்கமும் குத்தியிருக்கும்" என்றார். அந்த ஒரு வரியில் இருபத்தாறு படங்கள் இரண்டாகப் பிரிந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் யாருடையவை என்றே தெரியாத குடும்பப் படங்கள் தேக்குச் சட்டத்துக்காக விலைபோவதைப் பார்த்தவர்களுக்கு, பெயர் போன படத்தின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அதே வட்டாரத்தில், கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப் பிறகு 1994 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வழியே சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிலைபெற்றன. அங்கே நுண்படச் சுருளில் பிரதி எடுத்தார்கள், ஒவ்வொன்றையும் பட்டியலிட்டார்கள். ஒரு வளவு வீட்டால் அந்த அளவுக்குச் செய்ய முடியாது என்றாலும், பிரதியும் பட்டியலும் நம் கைக்கு எட்டாதவை அல்ல.

பகிர்வு இணைப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. இணைப்பு கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் ஆல்பத்தைத் திறந்து வைக்காதீர்கள். நம் கல்யாணப் படங்களில் கழுத்துரு என்ற தாலி நகையும் வைரமும் தெளிவாகத் தெரிகின்றன. அதே ஆல்பத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டின் ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு கதவும் தெரிகின்றன. மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டு அழைப்பது சற்று அலுப்பான வேலை, ஆனால் அதைத்தான் செய்ய வேண்டும்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது இது. மூலக் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், ஒன்று சென்னையிலும் ஒன்று கோவையிலும். 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்த ஓர் அஞ்சலட்டை அளவுப் படம் தரம் குறையாத டிஃப் வடிவில் ஏறத்தாழ 26 எம்பி வருவதால், அச்சுப் படங்களின் முன்பக்கமே 88 ஜிபி ஆகிறது; இதைக் கிளவுடில் ஏற்ற நான் ஒப்பவில்லை. சுருக்கிய ஜேபெக் பிரதிகளை மட்டும் கூகுள் போட்டோஸில், யாருடைய சொந்தக் கணக்கிலும் சேராமல் வீட்டின் பெயரில் தொடங்கிய தனிக் கணக்கில் வைத்தோம். சந்தாவைக் கோயில் வரிபோலப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம். கடவுச்சொல் குடும்பத்தின் மூன்று கிளைகளிலும் ஒவ்வொருவரிடம் இருக்கிறது. நாஸ் வேண்டாம் என்று முடிவாகியதில் மருமகனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

வட்டுகளைச் சரிபார்க்க ஒரு நாள் குறிக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத் தேதி எதுவும் யாருக்கும் நினைவில் நிற்காது என்பதால் பிள்ளையார் நோன்பையே வைத்துக்கொண்டோம். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள், இழை எடுக்கும் நோன்புச் சடங்குக்கு எப்படியும் ஊரில் கூடுவோம். சென்ற நோன்புக்கு இரண்டு வட்டுகளும் வந்தன, இரண்டும் திறந்தன. பெயர் தெரியாத 412 படங்களைச் சிறிதாக அச்சடித்து, எண் போட்டு, பட்டாலைச் சுவரில் ஒட்டி, நூலில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மாலைக்குள் 61 படங்களுக்குப் பெயர் எழுதியிருந்தார்கள். அவற்றில் ஒன்பதில் இரண்டு கிளைகள் இரண்டு வேறு பெயர்களை எழுதியிருக்கின்றன. இரண்டையும் கோப்பில் ஏற்றிவிட்டேன்.