ரத்தம் எடுப்பதிலிருந்து பயோபேங்க் வரை: லேபிள், நேரம், டிரை ஐஸ் - ஒரு கோஆர்டினேட்டரின் நீண்ட நாள் அனுபவம்

சென்னையில் ஒரு மருத்துவமனையில், புற்றுநோய் மருந்து ஆய்வுகளுக்கு ஸ்டடி கோஆர்டினேட்டராகப் பல வருடங்களாக இருக்கிறேன். நோயாளியிடமிருந்து ரத்தமும் திசுவும் வாங்கி, பிரித்து, லேபிள் ஒட்டி, உறைய வைத்து, மாதிரிகளை ஆராய்ச்சிக்காகச் சேமித்து வைக்கும் பயோபேங்குக்கு அனுப்பும் வரை எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்ல ஃப்ரீசர் கட்டாயம் வேண்டும். ஆனால் மாதிரி நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் ஃப்ரீசர் கதவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் முதல் இரண்டு மணி நேரத்தில் பயன்படும் பொருட்களைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

டியூப்களில் தொடங்குகிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடி டியூபை, ரத்தம் எடுத்தவுடன் 8 முதல் 10 முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடைந்து பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) சிவந்துவிடும். ஜெல் உள்ள சீரம் டியூபை 30 நிமிடம் நிமிர்த்தி வைத்து, ரத்தம் உறைந்த பிறகுதான் சென்ட்ரிஃபியூஜில் (சுழற்றிப் பிரிக்கும் கருவி) போட வேண்டும். சீரம் டியூப் முதலில், ஈடிடிஏ பிறகு என்ற வரிசையை மாற்றக் கூடாது. ஈடிடிஏ துளி சீரத்தில் கலந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். இதெல்லாம் எந்த லேபிலும் சொல்லிக் கொடுப்பதுதான்.

ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவுக்கான ஸ்ட்ரெக் டியூப் எங்களுக்குப் பெரிய உதவி. சாதாரண ஈடிடிஏ என்றால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். இதில் 6 முதல் 37 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தால் 14 நாள் வரை தாங்கும். உறைய வைக்கக் கூடாது. கவனியுங்கள், மேல் எல்லை 37 டிகிரி. மே மாதச் சென்னையில் வெளியே 40 டிகிரி என்றால், மூடிய வேனுக்குள் எவ்வளவு இருக்கும்? "ரூம் டெம்பரேச்சர்" என்று பெட்டியில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் தடிமனான தெர்மாகோல் பெட்டிக்குள், அறை வெப்பநிலையில் வைத்திருந்த ஜெல் பேக்கைச் சுற்றி வைத்து அனுப்புகிறோம். ஐஸ் பேக் அல்ல. ரத்தம் என்றாலே குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், பிக்அப்புக்கு வருகிற தம்பிகள் நடுவழியில் ஐஸ் பேக் வைத்துவிடுவதுண்டு. மூடிமேல் பெரிய எழுத்தில் தமிழிலேயே "ஐஸ் வைக்காதீர்கள்" என்று ஒட்டிய பிறகுதான் அது நின்றது.

இனி லேபிள். நான் அதிக நேரம் செலவழித்ததும், அதிக மாற்றம் கண்டதும் இதில்தான்.

முதலில் மார்க்கரால் எழுதினோம். ஆல்கஹால் ஸ்வாப் ஒரு முறை பட்டால் எழுத்து கரைந்துவிடும். அடுத்து ஆபீஸ் பிரிண்டரில் அச்சடித்த காகித ஸ்டிக்கர். மைனஸ் 80ல் அதன் பசை விறைத்து, சில மாதத்தில் பெட்டியின் அடியில் தனியாக உதிர்ந்து கிடக்கும். லேபிள் இல்லாத வயலை, அதாவது மாதிரி இருக்கும் சிறு குப்பியை, யாராலும் காப்பாற்ற முடியாது. அதற்குள் இருப்பது ஒரு மனிதரின் ரத்தம், அவர் வலி பொறுத்துக் கொடுத்தது. அதைக் குப்பையில் போடும்போது மனசு கேட்காது.

இப்போது கடும் குளிரிலும் உதிராத கிரையோ லேபிள். பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தாள், ரெசின் ரிப்பன், அதன் மையைச் சூட்டால் தாளில் பதிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் அச்சு, ஜீப்ரா கம்பெனி பிரிண்டர். ஆல்கஹாலுக்கும் பனிக்கும் எழுத்து அசைவதில்லை. விலை கூடத்தான், ஆனால் மனசாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். வயல் காய்ந்து, அறை வெப்பநிலையில் இருக்கும்போதே ஒட்ட வேண்டும். பனி படிந்த வயலில் நல்ல லேபிளும் நிற்காது. லேபிளின் ஒரு முனை மறு முனைமேல் ஏற வேண்டும், ஆனால் கொடி மாதிரி வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் 81 குழிப் பெட்டியில் வயல் இறங்காது, இழுக்கும்போது கிழியும். பார்கோடின் கோடுகள், வயலை நிமிர்த்தினால் ஏணிப் படி போல ஒன்றின்மேல் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றி வளைத்து அச்சடித்தால் ஸ்கேனருக்குப் பாதிக் கோடுதான் தெரியும்.

லேபிளில் என்ன எழுதுவது என்பதில்தான் வார்டோடு உரசல் வரும். ஆய்வு விதிப்படி நோயாளியின் பெயர் இருக்கக் கூடாது. ஆய்வு எண், எத்தனையாவது விசிட், மாதிரி வகை, தேதி, நேரம் மட்டும். வார்டுப் பழக்கமோ நேர்மாறு. "பேரே இல்லாம எப்படிம்மா குடுக்கறது? நாளைக்கு மாறிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று ஒரு மூத்த சிஸ்டர் என்னிடம் கேட்டார். அவர் பயம் நியாயமானது. மாதிரி மாறுவதைக் கண்ணால் பார்த்தவர் அப்படித்தான் கேட்பார். "சிஸ்டர், பேரு நம்ம ஒர்க்ஷீட்ல இருக்கும், டியூப்ல நம்பர் இருக்கும். ரெண்டையும் நீங்களே படுக்கை பக்கத்துல ஒத்துப் பாருங்க" என்றேன். இப்போது ஒவ்வொரு விசிட்டுக்கும் லேபிள் இரட்டையாக அச்சாகிறது. ஒன்று டியூபில், மற்றது ஒர்க்ஷீட்டில். ரத்தம் எடுத்து முடித்ததும், அந்த இடத்தை விட்டு நகருவதற்கு முன், நோயாளியிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒட்டுகிறோம். காலி டியூப்களில் முன்கூட்டியே ஒட்டி வரிசையாக அடுக்கி வைப்பதை நான் அனுமதிப்பதில்லை.

நேரம் பதிவது பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 10:00க்கு எடுத்தது, 10:30க்கு சுழற்றியது, 11:00க்கு உறைய வைத்தது என்று எல்லா நோயாளிக்கும் வட்டமான நேரம் இருந்தால், அந்தத் தாள் சாயங்காலம் உட்கார்ந்து நிரப்பியது என்று பார்த்தவுடன் தெரியும். பயோபேங்குகள் எடுத்த நேரத்தையும் பிரித்த நேரத்தையும் வைத்துத்தான் எந்த மாதிரி எந்தச் சோதனைக்கு ஆகும் என்று முடிவு செய்கின்றன. மூன்று மணி நேரம் தாமதம் என்று உண்மையாக எழுதிய மாதிரி வேறொரு சோதனைக்குப் பயன்படும். தாமதத்தை மறைத்த மாதிரி, கூட இருக்கும் நல்ல மாதிரிகளின் முடிவையும் கெடுக்கும். சென்ட்ரிஃபியூஜ் மேலேயே ஒரு டிஜிட்டல் கடிகாரம் மாட்டினோம். விலை சில நூறு ரூபாய்தான். எங்கள் லேபில் வாங்கியதிலேயே மிகவும் பயன்பட்டது அதுதான் என்பேன்.

மெழுகில் பதித்த திசுக் கட்டிகளான திசு பிளாக்குகள் சுலபம். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் 6 முதல் 72 மணி நேரத்துக்குள் இருந்ததா என்ற பதிவு வேண்டும். பிளாக்கின் பேத்தாலஜி எண்ணை மறைத்து எதையும் ஒட்டக் கூடாது, தனிப் பைக்கு லேபிள் போட்டால் போதும். கோடையில் மெழுகு இளகாமலிருக்க இதற்குத்தான் குளிர் ஜெல் பேக்.

அனுப்புவதற்கு வருவோம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் பேக்கிங் விதி 650: கசியாத வயல், உறிஞ்சும் தாளோடு கசியாத இரண்டாம் பை, வெளியே கெட்டியான பெட்டி. பெட்டியில், உள்ளே உயிரியல் மாதிரி என்று காட்டும் யூஎன் 3373 சாய்சதுரக் குறி. உறைந்த மாதிரி என்றால் டிரை ஐஸுக்கு (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) யூஎன் 1845, ஆபத்தான பொருட்களில் ஒன்பதாம் வகுப்பு என்ற லேபிள், எத்தனை கிலோ என்ற எண். டிரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரியில் நேராக வாயுவாகிறது. ஒரு கிலோ ஏறக்குறைய 540 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு. அதனால் அது இரண்டாம் பைக்கு வெளியேதான் இருக்க வேண்டும், தெர்மாகோல் மூடியைச் சுற்றி டேப் போட்டு இறுக்கக் கூடாது. வாயு வெளியேற வழியில்லாமல் பெட்டி வெடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. டிரைவர் அண்ணாவிடம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லாமல் நான் பெட்டியை ஏற்றுவதில்லை.

எவ்வளவு டிரை ஐஸ்? சாதாரணப் பெட்டியில் நாளொன்றுக்கு 2 முதல் 5 கிலோ வரை கரைந்து போகும். போய்ச் சேரும் நாளுக்கும் மேல் ஒரு நாளுக்குச் சேர்த்து வைக்கிறோம். வழியெல்லாம் வெப்பநிலையைப் பதியும் டேட்டா லாகர் வாங்கும்போது எத்தனை டிகிரி வரை அளக்கும் என்று பாருங்கள். மருந்துப் பெட்டிக்கு வரும் பல லாகர்கள் மைனஸ் 30க்குக் கீழே அளக்காது. டிரை ஐஸுக்கென்றே வருவதைத்தான் வாங்க வேண்டும்.

கூரியரைவிடக் காலண்டர் முக்கியம். திங்கள், செவ்வாய் அனுப்பினால் வார நாளிலேயே போய்ச் சேரும். வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி கார்கோ கிடங்கில் ஞாயிறு வரை கிடக்கலாம். பொங்கல், தீபாவளி வாரம் எங்களுக்கு அனுப்பும் வாரமே இல்லை. பெறுகிற ஊரின் விடுமுறையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் டிரை ஐஸ் ஆர்டர் கொடுக்கிறோம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் மாதிரிக்குப் பாதுகாப்பான இடம் ஜெனரேட்டர் இணைப்புள்ள ஃப்ரீசர்தான்.

கடைசியாகச் சம்மதப் படிவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை வழிகாட்டுதல்களில் பயோபேங்குக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. எதிர்கால ஆராய்ச்சிக்கு மிச்ச மாதிரியைச் சேமிக்கலாமா என்று தனியாகக் கேட்கிறோம். சம்மதித்தவர் பிறகு மனம் மாறினால் மீதமுள்ள மாதிரிகளை அழிக்கச் சொல்லலாம். அப்போது அவருடைய ஒவ்வொரு வயலும் எந்தப் பெட்டியில், எந்தக் குழியில் இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். பார்கோடும் பெட்டி வரைபடமும் இருப்பதால் இன்று எங்களால் அதைச் சில நிமிடத்தில் சொல்ல முடிகிறது.

பயோபேங்குகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மாதிரி வந்து சேர்ந்த அன்றே, என்ன நிலையில் வந்தது, டிரை ஐஸ் எவ்வளவு மிச்சம், எந்த லேபிள் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து வரும் குறைபாட்டு அறிக்கையை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடிவதில்லை. அதற்குள் அதே முறையில் இன்னும் பல பெட்டிகள் கிளம்பிவிடுகின்றன.