ஆஃப்-ரோடு டூல் கிட் என்று ரூ. 38,500 வாங்கி ஏமாற்றிய கடை: பெங்களூரு நண்பர்கள் கவனத்திற்கு

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி போன்ற இடங்களுக்கான நெடும்பயணங்களுக்கு வண்டியில் என்னென்ன கருவிகளை எடுத்துச் செல்ல வேண்டும் என்று விரிவாக எழுதித் தருவதாக நண்பர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். அதை உட்கார்ந்து எழுதும் நிலையில் இப்போது நான் இல்லை. பெங்களூரில் ஜீப், தார் போன்ற வண்டிகளுக்குத் துணைப்பொருள்கள் விற்கும் ஒரு கடையில் ரூ. 38,500 கொடுத்து நான் வாங்கிய கிட், முதல் வேலையிலேயே கைவிட்டுவிட்டது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் கன்னடத்தில் விலை கேட்ட விதத்திலேயே ஊரைக் கண்டுகொண்ட உரிமையாளர், உடனே தமிழுக்கு மாறினார். தமக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் என்றார். டீ வரவழைத்தார். கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் குன்சும் கணவாயில் தம் வண்டியோடு நிற்கும் படத்தைக் காட்டி, "அங்க ஒரு நட்டு ரவுண்டாச்சுன்னா, மெக்கானிக்குக்குக் காசா வரைக்கும் போகணும்ண்ணா" என்றார். காசா, ஸ்பிட்டியின் முக்கிய ஊர். அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே அடுத்துச் சொன்னதையும் நம்பினேன்.

வைஸ் என்ற பிடிப்பானில் இறுக்கியிருந்த ஒரு போல்ட்டில், அதைக் கவ்வித் திருப்பும் 19 எம்எம் சாக்கெட்டை மாட்டி, பிரேக்கர் பார் என்ற நீளமான கைப்பிடியைக் கொடுத்து, முழு பலத்தையும் போட்டு அழுத்தச் சொன்னார். அழுத்தினேன், சாக்கெட் அசைந்துகொடுக்கவில்லை. குரோம் வனேடியம் எஃகு, அரை அங்குல டிரைவ் (கைப்பிடி மாட்டும் சதுரத் துளை), உள்ளே ஆறு முனை. ஆறு முனை சாக்கெட் நட்டின் பட்டை முகங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளைப் பிடிப்பதால், துருப்பிடித்த நட்டை எளிதில் மழுக்கிவிடும். இதை அவரே எனக்கு விளக்கினார் என்பதுதான் இன்னும் வயிறெரிய வைக்கிறது. சாக்கெட் செட், டார்க் ரென்ச், பாட்டில் ஜாக், 12 வோல்ட் கம்ப்ரஸர், கைனெட்டிக் ரோப் (சிக்கிய வண்டியை இழுக்கும் நெகிழும் கயிறு), இரண்டு போ ஷேக்கிள் (அந்தக் கயிற்றை வண்டியில் கோக்கும் இரும்பு வளையம்) எல்லாம் சேர்த்து ரூ. 38,500. "நம்மாளுக்குப் போய் மட்டமான சரக்கு தருவேனாண்ணா? சீல் பிரிக்காம எடுத்துட்டுப் போங்க, தூசி ஏறாது" என்று சொல்லிக் குடோனிலிருந்து கித்தான் பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பில் போடும் சிஸ்டம் வேலை செய்யவில்லை, ஜிஎஸ்டி பில் இரவுக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும் என்று ஓர் எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்தார். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

பெரிய பயணத்துக்கு முன் ஒத்திகையாகக் கர்நாடக மலைப் பகுதியான சக்லேஷ்பூர்ப் பக்கம் போனோம். காப்பித் தோட்டச் சாலையில் பின் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட் தளர்ந்து அடிக்க ஆரம்பித்தது. பையைப் பிரித்தால், உள்ளே இருந்தவை கடையில் நான் தொட்டுப் பார்த்தவை அல்ல. எல்லாம் பன்னிரண்டு முனை. வேறு வழியில்லாமல் மாட்டி இறுக்கியபோது சாக்கெட் மேலிருந்து கீழ் வரை நீளவாக்கில் பிளந்தது. உரிந்த முலாமுக்கு அடியில் உடைத்த கருங்கல்லைப் போல் சொரசொரப்பான சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. பிசிறு என் மனைவியின் விரலைக் கிழித்தது. கம்ப்ரஸர் ஒரு டயரைக்கூட நிரப்பாமல் பிளாஸ்டிக் வாடையோடு நின்றது. கடைசியில் அவ்வழியே வந்த எஸ்டேட் லாரி ஓட்டுநர் தம் பழைய டபாரியா கம்பெனி ஸ்பேனரால் போல்ட்டை இறுக்கிக் கொடுத்தார். ரூ. 38,500 மதிப்புள்ள பை பக்கத்திலேயே கிடந்தது.

என்னை உண்மையில் நடுங்க வைத்தவை ஷேக்கிள்கள். அசல் ஷேக்கிளின் உடலில் அது தாங்கும் பாரம் புடைப்பாகப் பொறிக்கப்பட்டிருக்கும்; முக்கால் அங்குல போ ஷேக்கிள் என்றால் வழக்கமாக 4.75 டன். இவற்றில் ஓர் எழுத்துகூட இல்லை. சேற்றில் புதைந்த வண்டியைக் கைனெட்டிக் ரோப்பால் இழுக்கும்போது இது உடைந்தால், கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடும். தெரிந்தே இப்படி ஓர் இரும்பை விற்பவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்து கடையில் கேட்டபோது அந்தத் தமிழ்ப் பாசம் மறைந்துவிட்டது. "ஓவர்லோடு கொடுத்தா உடையத்தான் சார் செய்யும்" என்றார் கடைப் பையன். ஓனர் ஊரில் இல்லை, கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டும், எஸ்டிமேட்டில் வாரண்டி எழுதவில்லையே என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். ஒருவழியாக உரிமையாளரே பேசினார்: பணம் தர முடியாது, ரூ. 6,000-க்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கொடுத்தது ரூ. 38,500. மறுத்ததும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பிளந்த சாக்கெட்டை ஜே.சி. ரோட்டில் நெடுங்காலமாக டூல்ஸ் விற்கும் ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கியதுமே அது குரோம் வனேடியம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

எழுதுவதாகச் சொன்ன ஆலோசனையில் இப்போதைக்கு இவ்வளவுதான். சீல் வைத்த கிட் வாங்காதீர்கள். கடையில் சோதித்துப் பார்த்த அதே துண்டைப் பையில் போடச் சொல்லுங்கள். பாரம் பொறிக்காத ஷேக்கிளைத் தொடாதீர்கள். டோ பாலில் (டிரெய்லரைக் கோக்க வண்டியின் பின்னால் இருக்கும் உருண்டை) ரோப்பை மாட்டி வண்டியை இழுக்கவே இழுக்காதீர்கள். கம்ப்ரஸர் என்றால் பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையை வாங்கிக் கடை வாசலிலேயே ஒரு டயரை நிரப்பிப் பாருங்கள். பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திரும்ப எடுப்பதற்கான கெடு பில்லில் எதுவும் குறிப்பிடாவிட்டால், அது 30 நாட்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால், அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரி கித்தான் பையை வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், பயணம் கிளம்பும் முன் இன்றே பிரித்து ஷேக்கிளைப் பாருங்கள். எஸ்டிமேட் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள்.