அதே மருந்துதான், கொம்பனிதான் வேறு: திருகோணமலையில் மாத மருந்துக்கு நான்கு வழிகள்

எனக்கு நீரிழிவு, பிரஷர், தொய்வு (ஆஸ்துமா) மூன்றும் உண்டு. போதாக்குறைக்கு மஞ்சள் சாயம் ஒத்துக்கொள்ளாது. இந்த நான்காவதைச் சொன்னால் சிரிப்பவர்கள்தான் அதிகம். டார்ட்ரசீன் என்ற அந்தச் சாயத்தை இனிப்புப் பொட்டலங்களில் ஈ102 என்று அச்சிடுவார்கள். குளிசையின் மேற்பூச்சிலும் கப்சியூலின் கூட்டிலும் அது இருக்கலாம். பச்சைக் குளிசையையும் நம்ப முடியாது. மஞ்சளோடு நீலம் கலந்தால் பச்சைதானே. மாத மருந்தை எங்கே எடுப்பது என்று அயலவர்கள் விலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் நிறத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரச ஆஸ்பத்திரிக் கிளினிக், அரச மருந்துக் கடையான ஒசுசல, தனியார் பாமசி, காப்புறுதி ஆகிய நான்கையும் பல ஆண்டுகளாக மாறி மாறிப் பார்த்துவிட்டேன்.

கிளினிக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் இன்சுலின். மாதா மாதம் அதைக் காசு கொடுத்து வாங்குவதென்றால் எங்கள் வீட்டு வரவு செலவு ஆட்டம் கண்டுவிடும். கிளினிக்கில் அது இலவசம். நீரிழிவுக் குளிசையான மெட்போமினும் தொய்வுக்கான இன்ஹேலரும் அப்படியே. அதற்கு விலையாக ஒரு காலைப்பொழுது போகும். விடிவதற்கு முன் உப்புவெளியில் பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு இலக்கம் எடுத்து, இரத்தம் கொடுத்த பிறகு பிளாஸ்கைத் திறந்து தேநீர் குடித்து, மருந்து ஜன்னலுக்குப் போய்ச் சேர மதியமாகிவிடும். வைகாசி வெயிலில் இன்சுலின் குப்பியை ஐஸ் பையோடு சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்புவேன்.

சிக்கல் அந்த ஜன்னலில்தான். பெரிய டின்னிலிருந்து எண்ணி எடுத்த குளிசைகள் சிறிய கடதாசி உறையில் வரும். உறையில் மருந்தின் பெயரும் ‘காலை 1, இரவு 1’ என்ற குறிப்பும் இருக்கும். எந்தக் கொம்பனி, மேற்பூச்சில் என்ன சாயம் என்பதெல்லாம் டின்னோடு நின்றுவிடும். ஒரு மாதம் பிரஷர் குளிசை வெள்ளையாக வந்தது. அடுத்த மாதம் அதே பெயரில், அதே அளவில், மஞ்சளாக வந்தது. மூன்றாம் நாள் இரண்டு முழங்கைகளிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. நண்டு சாப்பிட்டாயா, இறால் சாப்பிட்டாயா என்று வீட்டில் விசாரணை நடந்தது. கடற்கரையூரில் உடம்பு தடித்தால் குற்றவாளி மீன்சட்டிக்குள்தான் இருக்க வேண்டும் என்பது எங்களவர் தீர்ப்பு.

ஆனால் அதே கிளினிக்கில்தான் வைத்தியர் என் கிளினிக் கொப்பியின் அட்டையில் சிவப்புப் பேனையால் ஒவ்வாமையைப் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டார். எந்த மருந்து எப்போது தொடங்கியது, எது ஏன் நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்த வேறொரு தாள் எங்கும் இல்லை. பாமசிக்காரர் அதைக் கேட்டதும் இல்லை.

2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது ‘வெளியில் வாங்குங்கள்’ என்ற துண்டு இல்லாமல் திரும்பிய நாள் குறைவு. நிலைமை பிறகு தேறியது. ஆனாலும் ஜன்னலில் இருப்பவர் கொப்பியைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

ஒசுசல, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடை. கூட்டுத்தாபனம் 1971இல் தொடங்கியது. முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. கொம்பனி சூட்டும் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கினால் ஏழைக்கும் மருந்து எட்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்துக்கு நான் கடன்பட்டவள்தான். ஆனால் பொதுப்பெயர் என்பது குளிசைக்குள் இருக்கும் மருந்தின் பெயர். அதைச் சுற்றியிருக்கும் மாவுக்கும் சாயத்துக்கும் அது பொறுப்பில்லை. என் உடம்புக்கு வழக்கு அவற்றோடுதான். எங்கள் வீட்டில் ஒசுசல வேலை கொழும்பு போய்வரும் மைத்துனருக்குரியது. இரவு ரயிலில் திரும்பும்போது வாங்கி வருவார். இரத்மலானையிலுள்ள அரச தொழிற்சாலையில் செய்த குளிசை கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சி. விலை குறைவு; குளிசை அட்டையில் செய்தவர் பெயரும் இருக்கும். கிடைக்காத மாதம் மைத்துனர் வெறுங்கையோடு வருவார், பாவம், மன்னிப்பும் கேட்பார்.

நகரத்துத் தனியார் பாமசியில் காத்திருப்பு ஐந்து நிமிடம். எனக்குப் பெரிய வசதி, பெட்டியைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது.

“அதே மருந்துதான் அக்கா, கொம்பனிதான் வேறு.”

“பெட்டியை ஒருக்கால் காட்டுங்கள் தம்பி.”

அவர் முகம் சுளித்துக்கொண்டே எடுத்துத் தருவார். உள்ளே மடித்திருக்கும் தாளை விரித்து, கைபேசி வெளிச்சத்தில் எறும்பு எழுத்துகளைப் படிப்பேன். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். விடட்டும். அட்டையை வெட்டித் தரும்போது காலாவதித் திகதி உள்ள பக்கத்தை எனக்குத் தாருங்கள் என்றும் கேட்பேன். வெட்டிய மீதியில் திகதியும் இருக்காது, தொகுதி இலக்கமும் இருக்காது. விலைதான் இங்கே குத்தும். 2015இன் சட்டத்தில் மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை வந்தது, 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலையும் வந்தது. இருந்தும் என் துண்டில் உள்ள எல்லாவற்றையும் மாதா மாதம் பாமசியில் எடுக்க என்னால் முடியாது.

காப்புறுதியைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கணவர் அரச ஊழியர் என்பதால், அரச ஊழியர் காப்புறுதியான அக்ரஹாரவுக்குச் சம்பளத்தில் கழிகிறது. மூச்சு முட்டு வந்து வார்ட்டில் கிடந்தபோது அது உதவியது. மாதக் குளிசைக்கு அது கைகொடுக்கவில்லை. மகன் தன் வேலையிடத்துத் தனியார் காப்புறுதியில் என்னையும் சேர்த்தான். ஏற்கெனவே இருந்த வியாதிகளுக்குக் காத்திருப்புக் காலம் என்றார்கள், காத்திருந்தேன். அது முடிந்து முதல் பில்லை அனுப்பினேன். துண்டில் உள்ள மருந்தும் பில்லில் உள்ள மருந்தும் வேறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வைத்தியர் எழுதியது பொதுப்பெயர். பாமசி அடித்தது கொம்பனிப் பெயர். பாமசிக்கு ஒன்றாக இருந்த மருந்து காப்புறுதிக்கு இரண்டாகிவிட்டது. இப்போது பில்லில் இரண்டு பெயரையும் எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்கிறேன். அப்படியும் ஆண்டு எல்லை பாதி வருடத்தில் தீர்ந்துவிடுகிறது.

ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டுமென்றால் யோசிக்காமல் கிளினிக் என்பேன். அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால் பிரித்து வைத்திருக்கிறேன். இன்சுலின், மெட்போமின், இன்ஹேலர் கிளினிக்கில். சாயத் தொல்லை உள்ள பிரஷர் குளிசையை மட்டும், வைத்தியரிடம் சொல்லிவிட்டு, ஒரே பாமசியில், ஒரே கொம்பனியில். அது தீர்ந்துவிட்டால் அன்றே வைத்தியரிடம் கேட்பேன், நானாக நிறுத்துவதில்லை. காப்புறுதி அட்டை வார்ட்டுக்குப் போகும் பைக்குள் கிடக்கிறது.

வெற்று அட்டைகளைப் பழைய பிஸ்கட் டின்னில் மாதம் எழுதிச் சேர்த்து வருகிறேன். கடைசியாகத் தீர்ந்த அட்டையைக் கிளினிக் கொப்பிக்குள் செருகியாயிற்று. வருகிற செவ்வாய் ஜன்னலில் மஞ்சள் நீட்டினால், இதைக் காட்டுவேன்.