குழாயைக் கவ்வும் மீயொலி ஓட்டமானி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

காட்பாடியிலுள்ள எங்கள் ஆய்வகத்தில், செயற்கை இதயத்தின் வழியே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் பாய்கிறது என்பதை அளக்க, குழாயை வெட்டாமல் வெளியிலிருந்தே கவ்விக்கொள்ளும் இக்கருவியை ஓராண்டாகப் பயன்படுத்துகிறோம். ஓட்டத்தின் திசையிலும் எதிர்த்திசையிலும் ஒலி செல்லும் நேரத்தின் வேறுபாட்டிலிருந்து இது அளவைக் கணிக்கிறது. தண்ணீரை நிமிடத்துக்கு 5 லிட்டர் வேகத்தில் ஓடவிட்டு, வாளியும் நிறுத்துக்கடிகாரமும் வைத்துச் சரிபார்த்தபோது குறை சொல்ல இடமில்லை. ஆனால், இரத்தத்தின் பிசுபிசுப்புக்கு ஈடாக 40 சதவீதம் கிளிசரின் கலந்ததும் அளவு பிசகியது. அக்கலவையில் ஒலி வேகமாகச் செல்வதால் தனி அளவுத்திருத்தம் வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவே இல்லை. சித்திரை வெயிலில் (வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை) கலவை சூடேற எண்ணும் நகர்ந்தது. மேலும், வால்வுக்குப் பின்னால் திரவம் தேங்கி, இரத்தம் உறையக்கூடிய இடத்தை இது காட்டாது. அதற்கு திரவத்தில் கலந்த நுண்துகள்களை லேசர் ஒளியில் படமெடுக்கும் முறையே தேவை.