பிளஸ் ஒன்னில் புவியியலா, வரலாறா?

கலைப் பிரிவில் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது?

படிக்கும் விதம்
வரலாறு: காரணம், விளைவு, ஆண்டு. நிறைய எழுத வேண்டும்.
புவியியல்: படம் அதிகம், செய்முறைத் தேர்வும் உண்டு. 1:50,000 நிலவரைபடத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. பழுப்புநிறச் சமஉயரக் கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்துச் சரிவு. ஓடை நீலமாக இருந்தால் தண்ணீர் உண்டு, கருப்பென்றால் வறண்டது. இது பழகிவிட்டால் சொந்த ஊரையே வேறு கண்ணால் பார்ப்போம்.

செலவு
பெரிய வித்தியாசம் இல்லை. புவியியலுக்கு ஒரு நல்ல அட்லஸ் கூடுதலாக வேண்டும்.

வாழ்க்கைக்கு
வரலாறு: அரசியல் பேச்சில் எது ஆதாரம், எது கதை என்று பிரிக்கத் தெரியும்.
புவியியல்: 2004 சுனாமியின்போது தாய்லாந்தின் புக்கெட்டில் 10 வயது பிரிட்டன் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்ததைக் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். கடற்கரையே காலியானது. இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்ததுதான் அது! இதைவிட என்ன பயன் வேண்டும்?

சட்டம், இதழியல் பக்கம் போகிறவர்களுக்கு வரலாறு. வானிலை, நகரத் திட்டமிடல், ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் முறை) வேலைகளுக்குப் புவியியல். இன்னும் முடிவாகவில்லையா? என் ஓட்டு புவியியலுக்கே. சேரும் முன் செய்முறை வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று மட்டும் பள்ளியில் கேட்டுவிடுங்கள்.